வஸ்ஸலாம் இல்லாத கடிதம்



புதுச்சேரி நகரின் தென்பகுதியில், காஜியார் வீதி, முல்லா வீதி, குத்பா பள்ளிவாசல் என அமைந்த பழைய முஸ்லிம் குடியிருப்பில், இஷாத் தொழுகைக்குப் பின் ஏதேனும் ஒரு வீட்டிற்குச் சென்று பாருங்கள். தந்தையின் கையில் ஒரு திரை, தாயின் கையில் ஒரு திரை இருக்கும். மகன் காதுகளை அடைத்துக்கொண்டு ஒரு மூலையிலும், மகள் தலைகுனிந்து மறு மூலையிலும் அமர்ந்திருப்பார்கள். வீட்டின் மூதாட்டி மட்டும் வெறுங்கையுடன் அமர்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருப்பார். பிரான்சிலிருந்து பேரன் காணொளி அழைப்பில் வருவான். “சலாம் நன்னி” என்பான். நன்னி நலம் விசாரிப்பார். அவனுக்குத் தமிழ் புரியாது. அவருக்குப் பிரெஞ்சு தெரியாது. இருவரும் சிரிப்பார்கள். கைப்பேசி அடுத்தவர் கைக்கு மாறும்.

இதைக் கண்டு ‘காலம் கெட்டுவிட்டது’ என்று பெருமூச்சு விடுவது எளிது. ஆனால் பெருமூச்சு எவருக்கும் வழிகாட்டுவதில்லை. நம் ஊரின் வரலாறு வழிகாட்டக்கூடும். ஏனெனில் புதுச்சேரி முஸ்லிம்கள் பிரிவுக்குப் புதியவர்கள் அல்லர். தொலைவிலிருப்பவரோடு உறவைக் காப்பது எப்படி என்ற வினாவை இவ்வூர் பல தலைமுறைகளாகச் சந்தித்து வந்திருக்கிறது. கைப்பேசி அவ்வினாவைத் தலைகீழாக்கிவிட்டது. அருகிலிருப்பவரோடு உறவைக் காப்பது எப்படி என்பதே இன்று நம் பிள்ளைகள் முன்னும் நம் முன்னும் நிற்கும் வினா.

சந்தா சாஹிபின் வீட்டார்

1740-ஆம் ஆண்டு மே மாதம் ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலிகான் மராத்தியப் படையுடன் நடந்த போரில் தாமல்செருவுக் கணவாயில் கொல்லப்பட்டார். அவருடைய குடும்பத்துப் பெண்களும் பிள்ளைகளும் புதுச்சேரிக் கோட்டையில் அடைக்கலம் புகுந்தனர். அவருடைய மருமகன் சந்தா சாஹிபின் மனைவியும் மகனும் அவ்வாறே இங்கு வந்து சேர்ந்தனர். அவர்களை ஒப்படைக்குமாறு மராத்தியத் தளபதி ரகோஜி போன்ஸ்லே கேட்டபோது, அன்றைய பிரெஞ்சு ஆளுநர் துய்மா மறுத்துவிட்டார். அடுத்த ஆண்டு மார்ச் மாதம் திருச்சிராப்பள்ளிக் கோட்டை வீழ்ந்தது. சந்தா சாஹிப் சிறைப்பட்டு மராத்திய நாட்டிற்குக் கொண்டுசெல்லப்பட்டார். அவர் விடுதலை பெற்றது 1748-இல்தான்.

ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் கணவர் வடக்கே சிறையில். மனைவி இங்கே, வங்கக் கடலோரத்து அந்நியக் கோட்டையொன்றின் நிழலில். அக்காலத்துப் புதுச்சேரியை 1736 முதல் தம் நாட்குறிப்பில் பதிவு செய்த ஆனந்தரங்கப் பிள்ளையின் எழுத்தைப் படிப்பவர்க்கு ஒரு செய்தி தெளிவாகும். அன்றைய மனிதர்கள் செய்திக்காகக் காத்திருந்தார்கள். ஓட்டக்காரன் வருவான்; ஒட்டகத்தில் ஆள் வருவான்; கடிதம் வரும்; கடிதத்திற்கு முன்பே வதந்தி வந்துவிடும். வந்தது மெய்யா பொய்யா என்று ஆராய்ந்த பின்னரே அறிவுடையோர் அதை நம்பினர்.

நவாப் குடும்பத்தின் கதை அரசியலுக்கு உரியது. அதன் உள்ளே இருப்பதோ கணவரின் கடிதத்திற்காக வாசலை நோக்கிக் காத்திருக்கும் ஒரு பெண்ணின் கதை. அடுத்த இரு நூற்றாண்டுகளில் அக்கதை இவ்வூரின் எளிய குடும்பங்களுக்கும் உரியதாயிற்று.

சைகோன் தபால்

பிரெஞ்சுக்காரர்கள் 1859-இல் சைகோனைக் கைப்பற்றினர். அதைத் தொடர்ந்து இந்தோசீனா பிரெஞ்சு ஆட்சிக்கு உட்பட்டபோது, புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் கிழக்கே ஒரு புதிய கடல்வழி திறந்தது. பிரெஞ்சுக் கல்வி பெற்றோர் அலுவலகப் பணிக்கும், முஸ்லிம்களுள் பலர் வணிகத்திற்கும் சென்றனர். துணிக்கடை வைத்தவரும் உண்டு. காவல் வேலை பார்த்தவரும் உண்டு. சைகோன் நகரின் நடுவே இன்றும் நிற்கும் பள்ளிவாசல் 1935-இல் தென்னிந்திய முஸ்லிம்கள் எழுப்பியது. ஊரைவிட்டுச் சென்றவர்கள் அங்கே ஜும்ஆத் தொழுதார்கள். தொழுகை முடிந்து வெளியே வந்ததும் ‘ஊரிலிருந்து கடிதம் வந்ததா?’ என்று ஒருவரையொருவர் கேட்டிருப்பார்கள் என்று எண்ணிப் பார்ப்பது கடினமன்று.

கப்பல் தபால் வாரக்கணக்கில் பயணம் செய்தது. அனுப்பிய கடிதத்திற்கு விடை வர மாதங்களும் ஆகும். அதனால் கடிதம் எழுதுவதும் படிப்பதும் வெறும் செய்திப் பரிமாற்றமாக இருக்கவில்லை. அதைச் சுற்றி ஓர் ஒழுக்கமே வளர்ந்தது. நம் மார்க்கச் சொல்லால் கூறினால், ஓர் அதபு.

தாளின் தலைப்பில் 786 என்றோ பிஸ்மில்லாஹ் என்றோ எழுதுவார்கள். அடுத்து ஸலாம், பின்னர் தம் நலம் கூறிப் பெறுநரின் நலத்திற்கு துஆச் செய்தல். அதன்பின் வீட்டிலுள்ள ஒவ்வொருவரையும் பெயரும் முறையும் சொல்லி விசாரிப்பார்கள். பெரியவருக்கு ஸலாம், பிள்ளைக்கு முத்தம், அண்டை வீட்டாருக்கும் ஒரு சொல் என எவரும் விடுபடாமல் பார்த்துக்கொண்டனர். விடுபட்டவரின் மனம் வருந்தும் என்பதை எழுதுபவர் அறிந்திருந்தார். அதற்குப் பின்னரே பணச் செய்தி, திருமணச் செய்தி, மனக்குறை எல்லாம் வரும். இறுதியில் வஸ்ஸலாம். அத்தோடு கடிதம் முடிந்துவிடும். படித்தவர் தாளை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு அடுப்படிக்கோ கடைக்கோ திரும்புவார்.

தமிழ் எழுத்துப் பயிலாத நம் மூத்த பெண்களிடையே பலர் அரபுத்தமிழ் அறிந்திருந்தனர். ஓதக் கற்ற அரபு எழுத்திலேயே தமிழ் மொழியை எழுதும் அம்முறை, கடலுக்கப்பால் இருந்த கணவரோடும் தந்தையோடும் பேச அவர்களுக்குக் கிடைத்த வரம். பள்ளிக்கூடம் செல்லாதவர் என்று நாம் எண்ணும் நம் பாட்டிமார்கள் பலர், தம் இன்ப துன்பங்களைத் தாமே எழுதிய கையெழுத்துக்காரர்கள்.

அது பொற்காலமன்று

பழமையை ஒரேயடியாகப் புகழ்வது வரலாற்றுக்குச் செய்யும் நீதியாகாது. கடிதக் காலத்தின் துயரங்கள் கொடியவை. நோய்ச் செய்தி வந்து சேருமுன் நோயாளி மவுத்தாகி நாற்பதாம் நாளும் கழிந்திருக்கும். எழுதத் தெரியாத மனைவி, தன் உள்ளத்தைப் பிறர் கையால் எழுதுவித்தாள். கணவரின் கடிதத்தைப் பிறர் வாயால் கேட்டாள். அவளுடைய மனதிற்குத் தனிமறைவு இருக்கவில்லை. சைகோனில் வேறொரு குடும்பம் அமைத்துக்கொண்ட ஆடவர்களும் உண்டு. அதைக் கடிதங்கள் மறைத்தன. தாள் உண்மையையும் சுமக்கும், பொய்யையும் சுமக்கும்.

இரண்டாம் உலகப் போரில் அத்தாளும் நின்றுபோயிற்று. 1940 செப்டம்பரில் புதுச்சேரி ஆளுநர் போன்வேன், தளபதி தெகோலின் சுதந்திர பிரான்சின் பக்கம் சேர்ந்தார். இந்தோசீனாவோ விஷி அரசின் கீழ் நின்றது. விரைவில் ஜப்பானியப் படையும் அங்கு நுழைந்தது. ஒரே பிரெஞ்சுக் கொடியின் கீழிருந்த இரு துறைமுகங்கள் எதிரெதிர் அணிகளில் நின்றன. 1941 டிசம்பரில் பசிபிக் போர் மூண்டபின் கடல்வழித் தொடர்பு அறுந்தது. 1945-இல் போர் முடியும்வரை, அக்கரையிலிருந்தவர் உயிரோடிருக்கிறாரா என்பதையே அறியாமல் குடும்பங்கள் காத்திருந்தன. தொடர்பு என்பது எத்துணை பெரிய நிஃமத் என்பதை அத்தலைமுறையைவிட நன்கு உணர்ந்தவர் இல்லை.

ஆகவே ‘கைப்பேசி ஒரு சாபம்’ என்று அவர்களிடம் கூறினால் நம்மை வியப்போடு பார்த்திருப்பார்கள். மகனின் முகத்தை ஒரு நொடி காண எதையும் கொடுத்திருப்பார்கள் அவர்கள்.

ஒலிநாடாவும் மஞ்சள் பலகையும்

1954 நவம்பர் 1-இல் பிரெஞ்சு ஆட்சி நடைமுறையில் முடிந்தது; 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படி முடிந்தது. அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களிலிருந்து பலர் பிரான்சுக்குச் சென்றனர். இந்தோசீனாவில் பிரெஞ்சு ஆட்சி மறைந்தபின்னும், 1975-இல் சைகோன் வீழ்ந்தபின்னும் அங்கிருந்து பலர் அந்நாட்டையே அடைந்தனர். பாரிஸ் புறநகர்களான சார்செல், லா கூர்நெவ் போன்ற இடங்களில் இன்று புதுச்சேரித் தமிழ் கேட்கிறது. ஊரில் ஓய்வூதியம் பெறும் ‘சொல்தா’ குடும்பங்களில் ஒரு கால் இங்கும் ஒரு கால் அங்கும். மறுபுறம் 1970-களிலிருந்து வளைகுடா நாடுகள் நம் இளைஞர்களை அழைத்தன.

அக்காலத்தில் ஒலிநாடா கடிதத்தின் இடத்தைப் பகிர்ந்துகொண்டது. வீட்டார் அனைவரும் டேப் ரிக்கார்டரைச் சுற்றி அமர்ந்து முறைவைத்துப் பேசுவார்கள். குழந்தை ஒரு சூரா ஓதும், பாட்டி அழுவார். நம் ஒன்றியப் பகுதியின் மாஹேயைச் சூழ்ந்த மலபாரில், வளைகுடாக் கணவனுக்கு மனைவி எழுதும் கடிதமாக அமைந்த ‘துபாய் கத்துப் பாட்டு’ புகழ்பெற்றதும் அதே 1970-களில்தான். 1980-களின் பிற்பகுதியில் தெருமுனைகளில் எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி. என்ற மஞ்சள் பலகைகள் தோன்றின. கண்ணாடிக் கூண்டிற்குள் நின்று, ஓடும் கட்டண எண்களைப் பார்த்துக்கொண்டே பேசினார்கள். ஒவ்வொரு நொடிக்கும் விலை இருந்ததால், சொல்ல வேண்டியதை முன்கூட்டியே மனதில் வரிசைப்படுத்திக்கொண்டு சென்றார்கள்.

கடிதம், ஒலிநாடா, கூண்டுத் தொலைபேசி ஆகிய மூன்றுக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. மூன்றும் குடும்பத்தை ஓரிடத்தில் கூட்டின. மூன்றுக்கும் ஒரு முடிவு இருந்தது.

எல்லை அழிந்தது

1995 ஜூலை 31-இல் இந்தியாவின் முதல் செல்பேசி அழைப்பு கொல்கத்தாவிலிருந்து சென்றது. 2013 ஜூலையில் தந்திச் சேவை மூடப்பட்டது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் இணையத் தரவின் விலை சரிந்தது. பணம் எண்ணிப் பேசிய ஊர் நாள்முழுதும் இணைப்பிலேயே இருக்கும் ஊராயிற்று. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. பள்ளிக்கூடம் திரைக்குள் புகுந்தது. அதுவரை பிள்ளைக்குக் கைப்பேசி வாங்கித் தர மறுத்த பெற்றோரும் கடன் வாங்கியாவது வாங்கித் தந்தனர்.

அந்த நாட்களில் கைப்பேசி செய்த நன்மையை மறுப்பது நன்றிகேடு. ஊர் வர இயலாத பிள்ளைகள் தம் பெற்றோரின் ஜனாஸாவைத் திரையில் பார்த்து துஆச் செய்தார்கள். பள்ளிவாசல் மூடியிருந்தபோது பயான் வீட்டிற்குள் வந்தது. ஆனால் ஊரடங்கு நீங்கியபின் பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பினார்கள். கைப்பேசி மட்டும் அவர்கள் கையைவிட்டுத் திரும்பவில்லை.

இங்கேதான் பழைய கருவிகளுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைக் காண வேண்டும். கடிதத்தில் தாள் தீர்ந்துவிடும். ஒலிநாடா சுற்றி முடியும். இன்ஸ்டாகிராமிலும் யூடியூபிலும் விரலால் தள்ளத் தள்ள அடுத்தது வந்துகொண்டே இருக்கும். அடிப்பக்கம் என்று ஒன்று கிடையாது. இது தற்செயலன்று, திட்டமிட்ட வடிவமைப்பு. பார்ப்பவர் எவ்வளவு நேரம் தங்குகிறாரோ அவ்வளவு விளம்பர வருவாய். 2009-இல் ஃபேஸ்புக் ‘லைக்’ பொத்தானைக் கொண்டுவந்தபின், பிறருடைய மதிப்பீடும் எண்ணாக மாறியது. கடிதத்தில் பெயர் விடுபட்டால் ஒருவர் வருந்தினார். இன்று பதினைந்து வயதுச் சிறுமி தன் படத்திற்கு எத்தனை இதயங்கள் விழுந்தன என்று நள்ளிரவில் எண்ணுகிறாள். வஸ்ஸலாம் இல்லாத கடிதம் ஒன்றை நம் பிள்ளைகளின் கையில் கொடுத்திருக்கிறோம்.

உலகம் விழித்துக்கொண்டது

இக்கவலை நம்முடையது மட்டுமன்று. பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனை 2014-லேயே தொழில்நுட்பத்தை நலமாகப் பயன்படுத்தப் பழக்குவதற்கென ஒரு தனிச் சிகிச்சைப் பிரிவைத் தொடங்கியது. நம் ஊரோடு வரலாற்று உறவுடைய பிரான்சு, 2018-இல் சட்டமியற்றி, தொடக்கப் பள்ளிகளிலும் ‘கொலேஜ்’ எனப்படும் நடுநிலைப் பள்ளிகளிலும் மாணவர் கைப்பேசி பயன்படுத்துவதைத் தடை செய்தது. ஆஸ்திரேலியாவில் பதினாறு வயதிற்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கும் சட்டம் 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்தது.

2023 மே மாதத்தில் அமெரிக்கத் தலைமை மருத்துவ அலுவலர் விவேக் மூர்த்தி ஓர் அறிவுரை வெளியிட்டார். நாளொன்றுக்கு மூன்று மணி நேரத்திற்கு மேல் சமூக ஊடகத்தில் கழிக்கும் வளரிளம் பருவத்தினருக்கு மனச்சோர்வு, பதற்றம் முதலிய இன்னல்களின் வாய்ப்பு இரு மடங்காகிறது என்று ஆய்வுகள் காட்டுவதை அது எடுத்துக்கூறியது. தனிமையில் வாடும் சிலருக்கு இதே ஊடகம் ஆறுதலும் நட்பும் தருவதையும் அவ்வறிக்கை மறைக்கவில்லை. ஊடகம் துயரை உண்டாக்குகிறதா, துயருற்ற பிள்ளை ஊடகத்தில் தஞ்சம் புகுகிறதா என்பதில் அறிஞரிடையே விவாதம் தொடர்கிறது. இரண்டும் நிகழக்கூடும். ஆகவே இரவு இரண்டு மணிக்கு விழித்திருக்கும் மகனைக் கண்டால், ‘கைப்பேசி கெடுத்துவிட்டது’ என்று முடிவுகட்டுமுன், ‘இவனுக்கு என்ன துயரம்?’ என்று கேட்பதே நீதி.

தூக்கத்தைப் பற்றிய செய்தியில் மட்டும் நம் வீடுகளே போதிய சாட்சி. இரவு நீண்டு விழித்திருந்த பிள்ளைக்கு ஃபஜ்ர் தவறுகிறது. வகுப்பில் கண் சொக்குகிறது. சிறு சொல்லுக்கும் சினம் வருகிறது. ஒன்றிலிருந்து மற்றொன்று சங்கிலிபோல் தொடர்கிறது.

பெண்பிள்ளைகளுக்கு மட்டும் பூட்டா?

இவ்விடத்தில் ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். கைப்பேசியின் தீமையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நம் மஹல்லாக்களில் முதலில் பறிக்கப்படுவது மகளின் கைப்பேசிதான். 2023-ஆம் ஆண்டின் ‘அசர்’ ஆய்வு, நாட்டின் ஊரகப் பகுதிகளில் 14 முதல் 18 வயது வரையுள்ளோரிடம் நடத்தப்பட்டது. கைப்பேசியைப் பயன்படுத்தத் தெரிந்தவர்களுள், சொந்தமாக ஒன்று வைத்திருந்த ஆண்பிள்ளைகள் ஏறத்தாழ 44 விழுக்காடு. பெண்பிள்ளைகள் ஏறத்தாழ 20 விழுக்காடு மட்டுமே. பூட்டு ஏற்கெனவே பெண்பிள்ளைகளின் வாசலில்தான் தொங்குகிறது.

ஆபாசத்தைப் பார்ப்பவனும், அறியாத பெண்ணுக்குச் செய்தி அனுப்பித் தொல்லை செய்பவனும், விளையாட்டுச் செயலியில் தந்தையின் பணத்தை இழப்பவனும் பெரும்பாலும் யாருடைய பிள்ளைகள்? மகனைக் கேள்வி கேட்காமல் மகளின் கையை மட்டும் கட்டுவது தர்பியத் ஆகாது. மகளுக்கு நேர்வது மற்றொரு கேடு. யாரேனும் அவளை மிரட்டினால், ‘சொன்னால் கைப்பேசியையும் படிப்பையும் பறித்துவிடுவார்கள்’ என்று அஞ்சி அவள் வாய்திறப்பதில்லை. அச்சம் அவளைக் காப்பதில்லை, மிரட்டுபவனையே காக்கிறது. அரபுத்தமிழில் தம் உள்ளத்தைத் தாமே எழுதிய பாட்டிமார்களின் பேத்திகள், தம் துயரைச் சொல்ல ஒரு காது இல்லாமல் தவிக்கலாகாது.

மார்க்கம் காட்டும் அதபு

அல்குர்ஆனின் ஹுஜுராத் அத்தியாயம் ஒரு சமுதாயத்தின் உறவொழுக்கத்தைச் சில வசனங்களிலேயே வகுத்துவிடுகிறது. வரும் செய்தியை விசாரித்தறிய வேண்டும். ஒருவரையொருவர் ஏளனம் செய்யலாகாது. வீண் சந்தேகம், துருவி ஆராய்தல், புறம்பேசுதல் ஆகியவை கூடா. இவற்றை இளைஞரின் பதிவுகளுக்கும் பின்னூட்டங்களுக்கும் நாம் பொருத்திக் காட்டுகிறோம், நன்று. துருவி ஆராயலாகாது என்ற கட்டளை, மகன் உறங்கும்போது அவனுடைய கைப்பேசியைக் களவாகத் திறக்கும் பெற்றோருக்கும் உரியதல்லவா? கண்காணிப்பு வேண்டுமானால் அதை வெளிப்படையாகச் சொல்லி, உடன்பட்ட விதியாக வைத்துச் செய்வதே கண்ணியம்.

நபி (ஸல்) அவர்கள் ஒருவரை நோக்கித் திரும்பினால், முகத்தை மட்டும் திருப்பாமல் முழு உடலோடும் திரும்புவார்கள் என்று அவர்களின் தோற்றத்தையும் பண்பையும் கூறும் அறிவிப்புகள் தெரிவிக்கின்றன. இந்த ஒரு ஸுன்னத்தை எண்ணிப் பாருங்கள். மகள் பள்ளியில் நடந்ததைச் சொல்ல வருகிறாள்; தந்தையின் கண் திரையில் இருக்கிறது; ‘சொல்லு, கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்’ என்கிறார். அவள் பாதியில் நிறுத்திக்கொள்கிறாள். சில நாட்களுக்குப் பின் சொல்ல வருவதையே நிறுத்திவிடுகிறாள். அவளுக்கும் ஒரு திரை இருக்கிறது. அது எப்போதும் அவளை நோக்கியே திரும்பியிருக்கிறது.

இஷாவுக்கு முன் உறங்குவதையும் அதன்பின் வீண்பேச்சில் ஈடுபடுவதையும் நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லை என்பது புகாரியில் பதிவான செய்தி. ஆரோக்கியமும் ஓய்வு நேரமும் மக்களுள் பலர் ஏமாந்து இழக்கும் இரு அருட்கொடைகள் என்ற கருத்தும் அதே நூலில் உண்டு. மின்விளக்கே இல்லாத காலத்தில் சொல்லப்பட்ட இவ்வறிவுரைகள் இன்றைய இரவுகளுக்கு எத்துணை பொருத்தம்!

நாம் செய்யக்கூடியவை

முன்னோர் கடிதத்தை ஒழிக்கவில்லை. அதற்கொரு அதபு வகுத்தார்கள். நாமும் கைப்பேசிக்கு ஓர் அதபு வகுக்க வேண்டும். அது பெரியவரிடமிருந்தே தொடங்க வேண்டும்.

இஷாவுக்குப் பின் வீட்டில் ஒரு கூடை வைக்கலாம். அதில் முதலில் விழ வேண்டியது தந்தையின் கைப்பேசி. படுக்கையறைக்கு வெளியே அது இரவைக் கழிக்கட்டும். ஃபஜ்ருக்கு எழுப்ப ஒரு பழைய கடிகாரம் போதும். உணவு விரிப்பில் அமரும் அரை மணி நேரம் திரையற்றதாக இருக்கட்டும். இந்நேரங்களே குடும்பத்தின் வஸ்ஸலாம்.

கடல்கடந்த பேரப்பிள்ளைகளோடு நாள்தோறும் இரண்டு நிமிடம் சிரிப்பதைவிட, வாரம் ஒருமுறை அமர்ந்து பேசுவது மேல். அவர்களுக்குப் பத்துத் தமிழ் வாக்கியங்களையும், நன்னிக்கு நான்கு பிரெஞ்சுச் சொற்களையும் கற்றுக்கொடுக்கலாம். பழைய கடிதத்தைப் போலவே ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி விசாரிக்கப் பழக்கலாம்.

ஜமாஅத்தார்க்கும் இதில் கடமை உண்டு. கைப்பேசியைக் கீழே வை என்று சொன்னால், வைத்துவிட்டு எங்கே செல்வது என்று இளைஞன் கேட்பான். அஸருக்குப் பின் விளையாட ஓர் இடம், மாலையில் படிக்க ஒரு நூலகம், இளம்பெண்கள் கூடிப் பேச ஒரு பாதுகாப்பான அறை ஆகியவற்றை மஹல்லா தர வேண்டும். மனச்சோர்வு ஈமானின் குறைவு என்று பழிப்பதை விட்டு, அதை நோயாகக் கருதி மருந்து தேட வேண்டும். ஜிப்மரில் மனநல மருத்துவத் துறை இருக்கிறது. 14416 என்ற ‘டெலி-மானஸ்’ எண்ணில் இலவசமாகப் பேசலாம்.

இறுதியாக ஒன்று. பல வீடுகளின் பரண்களில் இன்றும் தகரப் பெட்டிகளுக்குள் பழைய கடிதங்கள் உறங்குகின்றன. சைகோன் தபால்தலையும் துபாய் தபால்தலையும் ஒட்டியவை. ஒரு வெள்ளிக்கிழமை மாலை அப்பெட்டியை இறக்கி, பிள்ளைகளையும் மூதாட்டியையும் சேர்த்து அமர்த்துங்கள். அரபுத்தமிழ் எழுத்தை அவர் படித்துக் காட்டட்டும். பேரப்பிள்ளைகள் தம் கைப்பேசியில் அதைப் படமெடுத்தும் ஒலிப்பதிவு செய்தும் காக்கட்டும். அதே கருவி அப்போது அவர்களை ஒரே விரிப்பில் கூட்டும். வெறுங்கையோடு முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவரின் குரலை வீடே கேட்கும்.

யா அல்லாஹ்! எங்கள் நேரத்தில் பரக்கத் செய்வாயாக. எங்கள் பிள்ளைகளின் உள்ளங்களுக்கு அமைதியையும், அவர்கள் பேசும்போது முழுமையாகத் திரும்பிக் கேட்கும் செவிகளை எங்களுக்கும் அருள்வாயாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.